மாதிரி மூக்கு

ஆவடிப் பக்கத்தில் மத்திய சர்க்கார் நடத்திய அந்தத் தொழிற்சாலையில் என்ன செய்கிறார்கள் என்பது ராணுவ ரகசியம். ஸ்டேஷன் வாசலில் சுண்டல் விற்பவர் வரைக்கும் எல்லோருக்கும் அது தெரியும். உள்ளே வேலை பார்க்கிறவர்கள் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். வேம்புலியும் திறந்ததில்லை. அவர் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வியூவர். பேர் இங்கிலீஷில் இருக்கிறதே தவிர வேலை எளிது. ஒரு மேஜை, தலைக்கு மேலே ஒரு ட்யூப்லைட், பக்கத்தில் அரக்கு முத்திரை வைத்த ஒரு மாதிரி உருப்படி. வரிசையாக வருகிற சாமான்களை எடுத்து மாதிரியோடு வைத்துப் பார்த்து "ஓகே" என்றோ "ரிஜெக்ட்" என்றோ சொல்ல வேண்டும். யோசிக்கக் கூடாது. யோசித்தால் வேலை தேங்கிவிடும். இருபது வருஷமாக இதிலேயே ஊறிப்போனதால் வீட்டில் தோசை வைத்தால்கூட அவர் வாய் தானாக முணுமுணுக்கும். கல்யாணமான புதிதில் அவர் மனைவி கஸ்தூரி இதற்காக அழுதிருக்கிறாள். பிறகு ரிஜெக்ட் ஆகிற தோசையையே முதலில் வைத்துவிடப் பழகிக்கொண்டாள்.

வேம்புலியின் குடும்பத்து மூக்கைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தடித்து, நீண்டு, நடுவில் ஒரு மேடு வைத்த மூக்கு. அம்மாவிடமிருந்து அவருக்கும், மேனாம்பேட்டில் வாழ்க்கைப்பட்ட தங்கை முத்தம்மாளுக்கும் வஞ்சனையில்லாமல் வந்திருந்தது. முத்தம்மாள் அதன்மேல் கல் வைத்த மூக்குத்தி போட்டுக்கொண்டு, "எங்க ஊட்டு மூக்கு, கூட்டத்துல காணாமப் பூட்டாக்கூட கண்டுபுடிச்சிடலாம்" என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வாள். வேம்புலிக்கும் நாற்பது வயது தாண்டும் வரை அதன்மேல் ஒரு புகாரும் இல்லை. சுவரில் மாட்டிய கண்ணாடியில் நேராகப் பார்த்து முகச்சவரம் செய்துகொள்கிற மனிதனுக்குத் தன் மூக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிய வழியில்லை.

கெடுத்தது வீடியோ. தொண்ணூற்றொன்றில் மச்சினன் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தார்கள். கலர் டீவியும் டெக்கும் வாடகைக்கு வாங்கி வந்து குவார்ட்டர்ஸ் வீட்டில் சொந்தபந்தமெல்லாம் உட்கார்ந்து பார்த்தார்கள். பந்தி நடக்கிற காட்சியில் ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு மூக்கு வந்தது. சற்றுப் பொறுத்து வேம்புலி வந்தார். கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. அதோடு விட்டிருக்கலாம். மச்சினன் காட்சியைப் பின்னால் ஓட்டினான். மூக்கு உள்ளே போனது. முன்னால் ஓட்டினான். வெளியே வந்தது. மறுபடியும் உள்ளே போனது. வேம்புலியும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து அவர் யாருக்கும் பக்கவாட்டில் நிற்பதில்லை.

தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் அழகுக்கு வைத்தியம் கிடையாது. மூச்சுக்கு உண்டு. ஆகவே அவர் மூச்சு விட முடியவில்லை என்று போய்ச் சொன்னார். தலைமை மருத்துவர் ரகுநாதன், வருகிறவர்களை வேறு எங்காவது அனுப்பிவிடுவதில் வேகமானவர். உடனே சிட்டியில் ஒரு நர்சிங் ஹோமுக்கு எழுதிக் கொடுத்தார். மயக்க ஊசி போடுவதற்கு முன்னால் வேம்புலி சர்ஜனின் காதருகே, "அப்டியே வெளியிலயும் கொஞ்சம் கொறைச்சிடுங்க சார்" என்றார். யாருக்கும் தெரியாமல் அவர் வாழ்க்கையில் கேட்ட உதவி அது ஒன்றுதான். சர்ஜன் தாராள மனசுக்காரர். நிறையவே குறைத்துவிட்டார்.

கட்டைப் பிரித்தபோது மேடு இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. நுனி மேலே தூக்கிக்கொண்டு, இரண்டு துவாரமும் எதிரே நிற்கிறவரை நேருக்கு நேர் பார்த்தன. மூச்சு விட்டால் மெல்லிய விசில் சத்தம் வந்தது. கஸ்தூரி ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, "காப்பி சாப்டறீங்களா" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மேனாம்பேட்டிலிருந்து ஓடி வந்த முத்தம்மாள் அண்ணன் முகத்தைப் பார்த்து அழுதாள். "போனாப் போவுது வுடுண்ணா. மூச்சுக்கோசரம்தானே செஞ்சே. நீ நல்லா மூச்சு வுட்டா போதும்" என்றாள். அந்த வெள்ளிக்கிழமையே அவருக்காக வேண்டிக்கொண்டு திருவேற்காட்டுக்கு வெறும் காலோடு நடந்து போய்விட்டு வந்தாள். அவள் பாதத்தில் கொப்புளத்தைப் பார்த்த பிறகு வேம்புலிக்குச் சோறு இறங்கவில்லை. முன்பு இருந்தது ஆண்டவன் கொடுத்த மூக்கு; யாராவது சிரித்தால் ஆண்டவனைப் பார்த்துச் சிரித்ததாக வைத்துக்கொள்ளலாம். இது கேட்டு வாங்கியது. ஒரு ஆம்பளை, கல்யாண வயசில் பெண்ணை வைத்திருப்பவன், அழகுக்காக மூக்கை அறுத்துக்கொண்டான் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கும்போதே அவருக்கு உடம்பு கூசியது. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு சந்துவழியாகவே சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தார். இன்னொரு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்ற யோசனை அப்போதுதான் வந்தது. இந்தத் தடவை அழகெல்லாம் வேண்டாம், பழைய மூக்கு கிடைத்தால் போதும்.

டாக்டர் ரகுநாதன் அவர் மூக்கின் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்தார். கண்ணாடி ஆவி பிடித்தது.

"மூச்சு வருதே."

"வருது சார்."

"அப்புறம் என்ன?"

"பாக்க நல்லா இல்லே சார்."

"பாக்கறது கண் டாக்டர் சம்பந்தப்பட்ட விஷயம்" என்றார் டாக்டர். "இத பாருங்க வேம்புலி. இந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து நான் வெளியே அனுப்பின கேஸ்ல, திரும்பி வந்து எனக்கு வணக்கம் சொன்ன ஆள் நீங்கதான். உங்களை நான் தோல்வின்னு எப்படி எழுத முடியும்? தோல்வி வேற, வெற்றி வேற. ரெண்டுக்கும் நடுவுல நாமதான் குழம்பக் கூடாது."

குழம்பாமல் இருப்பதற்காக அவர் இன்னொரு காரியமும் செய்தார். நவம்பரில் தொழிற்சாலையில் தர மாதம் கொண்டாடுவார்கள். தோரணம், கோலம், உறுதிமொழி எல்லாம் உண்டு. அந்த வருஷ விழாவில் ஆஸ்பத்திரியின் சாதனையாக வேம்புலியை மேடையேற்றினார். "தலையை நல்லா தூக்குங்க" என்று சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, இந்தத் துவாரங்களைப் பாருங்கள். இதில் ஏதாவது மறைவு இருக்கிறதா? நம்முடைய நிர்வாகமும் இப்படித்தான். உள்ளே எதுவும் இல்லை என்பதை யார் வேண்டுமானாலும் நேராகப் பார்த்துக்கொள்ளலாம்."

மைக் பக்கத்தில் நின்றதால் வேம்புலியின் மூச்சு விசிலாகக் கூடாரம் முழுவதும் கேட்டது. ஷிப்ட் முடிந்துவிட்டதென்று பின்வரிசையில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். அவருக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு பரிசாகக் கொடுத்தார்கள். அதை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டே அவர் மேடையை விட்டு இறங்கினார்.

இதற்குப் பிறகும் அவர் விடவில்லை. அவமானம் ஒரு எல்லையைத் தாண்டிவிட்டால் மனிதனுக்குத் தைரியம் வந்துவிடும் போலிருக்கிறது. உதவிப் பொது மேலாளர் பக்தவத்சலத்தைப் போய்ப் பார்த்தார். பக்தவத்சலம் விதிகளுக்காகவே பிறந்து, விதிகளாலேயே வளர்ந்தவர். ஒரு தடவை பாஸ் ஆன உருப்படியை மறுபடி தொடுவதற்கு ரீவொர்க் என்று பெயர், ரீவொர்க் என்றால் கமிட்டி போட்டாக வேண்டும் என்றார். கமிட்டி போடப்பட்டது. பக்தவத்சலம் தலைவர். டாக்டர் ரகுநாதன் உறுப்பினர். தொழிலாளர் தரப்பில் யூனியன் செயலாளர் லோகநாதன்.

முதல் கூட்டத்தில் லோகநாதன்தான் முதலில் எழுந்தார். உட்கார்ந்துகொண்டு அவருக்குப் பேச வராது.

"தலைவர் அவர்களே, தோழர் வேம்புலியின் மூக்கு தனிமனித மூக்கு அல்ல. இந்தத் தொழிற்சாலையில் எல்லா மூக்கும் சமம். இவருக்கு ஆபரேஷன் செய்தால் எல்லாத் தொழிலாளிக்கும் செய்ய வேண்டும். செய்ய முடியாதென்றால் ஒருவருக்கும் செய்யக் கூடாது. இரண்டில் எது வேண்டுமென்று சங்கம் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் இரண்டுக்காகவும் போராடத் தயாராக இருக்கிறோம்."

"எனக்கு மட்டும் போதும் தோழர்" என்று வேம்புலி மெல்லச் சொன்னார்.

"உங்களுக்காகத்தான் பேசறேன், நடுவுல பேசாதீங்க" என்றார் லோகநாதன்.

பக்தவத்சலம் நேராக விஷயத்துக்கு வந்தார். "பழைய மூக்குக்கு டிராயிங் இருக்கா?"

"இல்லே சார்."

"டிராயிங் இல்லாம ஒரு ஆணிகூட அடிக்க விட்டவன் இல்லே நான். அதனாலதான் என் காலத்துல ஒரு தப்பு உருப்படிகூட இந்த கேட்டைத் தாண்டினதில்லே. போன வருஷம் பூரா ஒரு உருப்படியுமே தாண்டலே." அவர் பெருமையோடு கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி. டிராயிங் இல்லேன்னா மாதிரி வேணும். மாதிரி இருக்கா?"

வேம்புலி கல்யாண போட்டோவை எடுத்து நீட்டினார். போட்டோ தட்டை, மூக்கு உருண்டை, ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்று கமிட்டி அதைத் தள்ளிவிட்டது.

"அதே வார்ப்புல வந்த உருப்படி வேற ஏதாவது கையிருப்புல இருக்கா?"

இன்ஸ்பெக்‌ஷனில் கேள்வி வந்தால் பதில் உடனே வர வேண்டும். "தங்கச்சி ஒண்ணு கீது சார், மேனாம்பேட்டுல" என்று சொல்லிவிட்டார். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அதற்குள் பக்தவத்சலம் தேதி குறித்துவிட்டார்.

அன்று இரவு விஷயத்தைக் கேட்டதும் கஸ்தூரி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அத்தைய இன்னாத்துக்கு இதுல இஸ்துகினு வர்றீங்க? அது உங்களுக்கு மூச்சு வரலேன்னு நம்பிகினு கீது. நாளைக்கு ஆபீஸருங்க நாலு கேள்வி கேட்டா தெரிஞ்சிடாதா? ஒண்ணும் வாணாம்னு சொல்லிட்டு வந்துடுங்க. இந்த மூக்கு எனக்குப் பழகிப்போச்சி."

"எனக்குப் பழகலே" என்றார் வேம்புலி.

கஸ்தூரி "அத்தை" என்று சொன்னது நாத்தனாரைத்தான். பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறதென்று வேம்புலிக்குத் தெரியும். தங்கையிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மறுநாள் மேனாம்பேட்டுக்குப் போனார். கமிட்டி அவளைக் கூப்பிடுகிற விஷயத்தை முதலில் சொன்னதும் அவள் சந்தோஷப்பட்ட சந்தோஷத்தில், மற்றதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "உனுக்கு மூக்கு குடுக்க என்னெ வுட்டா யாருண்ணா கீறாங்க" என்றாள்.

குறித்த நாளில் அவள் கல்யாணப் புடவையைக் கட்டி, மூக்குத்தியைக் கழற்றிச் சோப்பு நுரையில் கழுவிப் போட்டுக்கொண்டு, ஆபீஸர்களுக்கென்று ஒரு டப்பா முறுக்கோடு வந்தாள். தொழிற்சாலைக்குள் அவள் போனதே இல்லை. அண்ணன் வேலை பார்க்கிற இடம் என்று வழியெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கமிட்டி அறையில் அவளை ட்யூப்லைட்டுக்குக் கீழே ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதல் பிரச்சினை அரக்கு முத்திரை. முத்திரை இல்லாத மாதிரி செல்லாது என்றார் பக்தவத்சலம். சூடான அரக்கை மூக்கில் வைப்பதற்கு மருத்துவ ரீதியாக ஆட்சேபம் இருக்கிறதென்று டாக்டர் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியின் சரித்திரத்தில் அவர் ஒருவருக்குச் செய்த நன்மை அதுவாகத்தான் இருக்கும். நீண்ட விவாதத்துக்குப் பிறகு அவள் மணிக்கட்டில் நூலால் ஒரு பச்சை அட்டை கட்டப்பட்டது. அடுத்து, அளவெடுக்கிற வெர்னியர் கருவியை பக்தவத்சலமே மூக்கில் வைத்தார். முத்தம்மாள் சிரித்துவிட்டாள்.

"கூச்சமா கீதுங்க."

"மாதிரி அசையக் கூடாது" என்றார் பக்தவத்சலம்.

அவள் உடனே மூச்சைப் பிடித்துக்கொண்டு, அண்ணனுக்காக அசையாமல் உட்கார்ந்தாள்.

அப்போது டாக்டர் ரகுநாதனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு வந்த முதல் சந்தேகம் அது. "மூச்சுக்குன்னா உள்ளேதானே ஆபரேஷன். வெளிப்பக்கம் எப்படி மாறிச்சு? சர்ஜன் தானா செஞ்சாரா, இவர் கேட்டுச் செஞ்சாரா?"

பக்தவத்சலம் வெர்னியரைக் கீழே வைத்தார். "முக்கியமான பாயின்ட். சர்ஜன் தானா செஞ்சிருந்தா அது வெளியாள் தப்பு, ரீவொர்க் அனுமதிக்கலாம். இவர் கேட்டிருந்தா அது அழகு விஷயம், ஃபைலை மூடிட வேண்டியதுதான். சொல்லுங்க வேம்புலி."

லோகநாதன் குனிந்து அவர் காதில், "சர்ஜன் மேல போடுங்க தோழர், அவர் நம்ம சங்கம் இல்லே" என்றார்.

வேம்புலி தங்கையைப் பார்த்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டே அவரைப் பார்த்து, பயப்படாதே என்பது போலக் கண்ணை மூடித் திறந்தாள். இன்னும் ஒரே ஒரு பொய். பழைய மூக்கு வந்துவிடும், அவளுக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும்.

"நான் கேக்கலே சார். அவராத்தான் செஞ்சிட்டாரு" என்றார்.

"அவ்வளவுதான். முடிஞ்சுது" என்று பக்தவத்சலம் பேனாவைத் திறந்தார். டாக்டர் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். வேம்புலி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வெகு நாளைக்குப் பிறகு அவருக்கு லேசாக இருந்தது. தங்கையோடு எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியை நகர்த்தினார்.

"ஒரு சின்ன ஃபார்மாலிட்டி" என்றார் பக்தவத்சலம். "மாதிரியை யாராவது பாஸ் பண்ணணும். கமிட்டி பண்ணக் கூடாது, அதை வியூவர்தான் பண்ணணும். நல்ல வேளை, நீங்களே வியூவர். நில்லுங்க இங்கே." வேம்புலியை ட்யூப்லைட்டுக்கு அடியில் நிறுத்தி, முத்தம்மாளின் முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினார். பிறகு இன்ஸ்பெக்‌ஷன் ஹாலில் கேட்கிற அதே வேகத்தில் கேட்டார்: "ஓகேயா, ரிஜெக்டா?"

"ரிஜெக்ட்" என்றார் வேம்புலி.

"காரணம்?"

"நடுவுல மேடு சார். நீளமும் ஜாஸ்தி."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. முத்தம்மாள் பிடித்திருந்த மூச்சை விட்டாள். முகத்தைத் திருப்பவில்லை. திருப்பச் சொல்லவில்லை என்பதால் பக்கவாட்டிலேயே வைத்திருந்தாள்.

"இல்லே சார், வாய் தவறி..." என்று வேம்புலி ஆரம்பித்தார்.

"வாய் தவறலே" என்று பக்தவத்சலம் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. "சொந்தத் தங்கச்சின்னும் பாக்காம ஒரு நிமிஷத்துல ரிஜெக்ட் பண்ணினீங்க பாருங்க, இதுதான் இன்ஸ்பெக்‌ஷன். இந்தத் தொழிற்சாலை இத்தனை வருஷமா எதுக்கு நடக்குதுன்னு எனக்கே இன்னிக்குத்தான் புரிஞ்சுது. அடுத்த தர மாசத்துல உங்களுக்கு மேடை உண்டு. ஆனா வியூவர் ரிஜெக்ட் பண்ணினதை நான்கூட மாத்த முடியாது. மாதிரி இல்லே, அதனால ரீவொர்க்கும் இல்லே. கமிட்டி கலைஞ்சுது."

டாக்டர் ரகுநாதன் முத்தம்மாளிடம் கனிவாக, "உங்களுக்கும் மூச்சுத் தொந்தரவு ஏதாவது இருந்தா செய்யலாம்மா. ஆனா தங்கச்சிக்கெல்லாம் இங்கே எலிஜிபிலிட்டி இல்லே" என்றார். தொழிலாளியின் தங்கைக்கும் மூக்கு உண்டு என்று அடுத்த கோரிக்கையில் சேர்ப்பதாக லோகநாதன் வாக்குக் கொடுத்தார்.

ரிஜெக்ட் ஆன சாமான் பச்சை அட்டையோடு கேட்டைத் தாண்ட முடியாது. ஆகவே முத்தம்மாளின் மணிக்கட்டில் இருந்த அட்டையை அவிழ்த்துவிட்டு, அதே நூலால் சிவப்பு அட்டை கட்டினார்கள். அவள் கையை நீட்டிக் காட்டிக்கொண்டு நின்றாள். வேம்புலிக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. ஆனால் அவளை ஊர் வரைக்கும் கொண்டுபோய் விடுவதற்கு பெர்மிஷன் வாங்க வேண்டியிருந்ததால் மேலாளருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுக் கூடவே வெளியே வந்தார்.

ரயிலில் கூட்டமில்லை. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அண்ணனூர் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"மூச்சுக்கோசரம் செய்யலியாண்ணா?"

"இல்லே பாப்பா."

"அம்மாவப் பாத்தாகூட உனுக்கு அப்டித்தான் இருந்துச்சா?"

அம்மாவை ஒரு நாளும் அவர் அப்படிப் பார்த்ததில்லை. அதைத் தொண்டை வரைக்கும் கொண்டுவந்தார். ஆனால் சற்று முன்புதான் அவர் வாயிலிருந்து இன்னொன்று அவ்வளவு சுலபமாக வந்திருந்தது. இனி எதைச் சொன்னாலும் அவள் ஏன் நம்ப வேண்டும் என்று தோன்றியது. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

திருமுல்லைவாயிலில் காய்கறிக் கூடைகளோடு நாலைந்து பேர் ஏறி, அவள் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். முத்தம்மாள் முந்தானையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள்.

"இன்னா பாப்பா, தூசியா?" என்று கேட்டார் வேம்புலி.

"ஆமாண்ணா, தூசி."

வெளியே மழை பிடித்துப் பெய்துகொண்டிருந்தது. அம்பத்தூர் வந்து இறங்கி, நனைந்துகொண்டே பிளாட்பாரத்தில் நடந்து போகிற வரைக்கும் அவள் அந்த முந்தானையை எடுக்கவில்லை.